ஹெட்டும் நாடாவும் சந்திக்கும் இடம்

வன்தட்டில், தகவல் பதியும் தட்டும் அதைப் படிக்கும் ஹெட்டும் தொழிற்சாலையில் மூடி முத்திரையிட்ட ஒரே பெட்டிக்குள் ஆயுள் முழுவதும் சேர்ந்தே இருக்கின்றன. தகவலைக் காந்த நாடாவில் பதிந்து வைக்கும் டேப்பில் நிலைமை வேறு. நாடா கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கிறது, ஹெட் டிரைவுக்குள் இருக்கிறது. தகவலை நகலெடுத்து வைக்கும் பேக்கப்பின்போதும், அதை மீட்டெடுக்கும் ரீஸ்டோரின்போதும் மட்டுமே இரண்டும் சந்திக்கின்றன. அதுவும் அறையின் காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும் ஓர் இடத்தில். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால், டேப் பராமரிப்பு விதிகளில் பெரும்பாலானவற்றை மனப்பாடம் செய்யவே தேவையில்லை; ஒவ்வொன்றும் ஏன் சொல்லப்பட்டது என்பது தானாகவே விளங்கிவிடும்.

பல கார்ட்ரிட்ஜுகளை அடுக்கிவைத்து, இயந்திரக் கையால் எடுத்து டிரைவுகளில் ஏற்றும் டேப் லைப்ரரிகளோடு நெடுநாள் பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. "நாடா கெட்டுவிட்டது", "டிரைவ் போய்விட்டது" என்று தனித்தனியாகச் சொல்லப்படும் பழுதுகளில் பல, உண்மையில் இரண்டுக்கும் இடையே நடந்தவை. அழுக்கேறிய ஹெட், தன்னிடம் வரும் ஒவ்வொரு நாடாவிலும் அந்த அழுக்கைத் தேய்த்து அனுப்புகிறது. ஓரம் மடங்கிய நாடா, தான் ஏறும் ஒவ்வொரு டிரைவின் ஹெட்டையும் சிராய்க்கிறது. தொற்றுநோய் பரவுவதைப் போலவே இதுவும் பரவுகிறது என்பதால், எது எதைத் தொட்டது என்ற கணக்கைத்தான் பராமரிப்பின் முதல் வேலையாக நான் கருதுகிறேன். துடைப்பதும் அடுக்குவதும் அதற்குப் பிறகுதான்.

இன்று பெரும்பாலான இடங்களில் இருப்பது, 2000ஆம் ஆண்டில் ஐபிஎம், எச்பி, சீகேட் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அறிமுகப்படுத்திய எல்டிஓ வகை என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். அதன் எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் ஒன்றில், அரை அங்குல அகலமும் 960 மீட்டர் நீளமும் கொண்ட நாடா ஒரே சுருளில் சுற்றப்பட்டிருக்கிறது. அதன் தடிமன் 5.6 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த அரை அங்குலத்துக்குள் 6,656 தடங்கள் இருக்கின்றன. ஹெட் ஒரே நேரத்தில் 32 தடங்களில் எழுதுவதால், கார்ட்ரிட்ஜ் முழுவதும் நிரம்புவதற்குள் நாடா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 208 முறை ஓடியாக வேண்டும். அதாவது, அதன் கொள்ளளவான 12 டெராபைட்டை ஒரு தடவை முழுமையாக எழுதி முடிக்கும்போது, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீள நாடா அந்தச் சிறிய ஹெட்டை உரசிக் கடந்திருக்கும். நொடிக்கு 360 மெகாபைட் என்ற முழு வேகத்திலும் இதற்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நெருக்கமான தடங்களுக்கும் இவ்வளவு நீண்ட உரசலுக்கும் நடுவே ஒரே ஒரு தூசித் துகள் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஹெட் சரியான தடத்தின் மேல் நிற்பதற்கு வழிகாட்டுவது, நாடாவின் நீளவாக்கில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும் ஐந்து சர்வோ பட்டைகள். தகவல் பதியும் நான்கு பட்டைகள் இவற்றுக்கு இடையில் அமைந்திருக்கின்றன. சர்வோ பட்டைகளை எந்த டிரைவாலும் மீண்டும் எழுத முடியாது. பழைய கார்ட்ரிட்ஜுகளைத் துடைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று எண்ணிச் சிலர் அவற்றை வலுவான காந்தப்புலம் உண்டாக்கும் அழிப்பானில் வைக்கிறார்கள். தகவலோடு சர்வோ பட்டைகளும் அழிந்துவிடுவதால், அந்த எல்டிஓ கார்ட்ரிட்ஜ் அதன்பின் எதற்கும் உதவாது. அப்புறப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் அது நல்ல வழி. மறுபயன்பாடு நோக்கமானால், டிரைவில் ஏற்றி மேலெழுதுவதுதான் வழி.

இனி, அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டிரைவின் மின்விசிறி, வெப்பத்தை வெளியேற்றுவதற்காக முன்பக்கத்திலிருந்து காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. கார்ட்ரிட்ஜ் நுழையும் வாயும் அதே முன்பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே டிரைவுக்கு முன்னால் உள்ள காற்றில் எது மிதக்கிறதோ அது உள்ளே போகும். லேசர் பிரிண்டரின் டோனர் துகள், காகித இழை, அட்டைப்பெட்டியைக் கிழிக்கும்போது பறக்கும் நார், தரைவிரிப்பின் பஞ்சு, பக்கத்து அறையில் சுவரை உடைக்கும்போது எழும் தூசி ஆகிய எல்லாம் இதில் அடக்கம். புதிய சர்வர்களை அவற்றின் பெட்டியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையை டேப் லைப்ரரி இருக்கும் அறைக்குள்ளேயே செய்வதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதை வாசலுக்கு வெளியே செய்வதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்களே ஆகும், ஆனால் டிரைவுக்குக் கிடைக்கும் பயன் பெரிது. கட்டட வேலை நடக்கும் நாட்களில், இயன்றால் டிரைவை நிறுத்திவிட்டு உறையிட்டு மூடிவைப்பது நல்லது. நிறுத்த முடியாவிட்டால், வேலை முடிந்தபின் லைப்ரரியின் வெளிப்புறத்தையும் கார்ட்ரிட்ஜ் அறைகளையும் வெற்றிடத் துப்புரவுக் கருவியால் சுத்தப்படுத்த வேண்டும். அழுத்தக் காற்றை ஊதும் டப்பாக்களைப் பயன்படுத்தக் கூடாது. வெளியே கிடக்கும் தூசியை அது உள்ளே தள்ளிவிடும்.

ஹெட்டைச் சுத்தம் செய்வதில் இரண்டு எதிரெதிரான பழக்கங்கள் உள்ளன, இரண்டுமே தீங்கானவை. ஒன்று, டிரைவ் கேட்டும் சுத்தம் செய்யாமல் விடுவது. மற்றது, கேட்காமலேயே வாரம் தவறாமல் கிளீனிங் கார்ட்ரிட்ஜைப் போடுவது. இரண்டாவது பழக்கம் பொறுப்பானதாகத் தோன்றுவதால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளீனிங் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ஈரத்துணி போன்ற ஏதோ ஒன்று என்று பலர் எண்ணுகிறார்கள். அது சாதாரண நாடாவைவிடச் சொரசொரப்பான ஒரு நாடா. அழுக்கோடு ஹெட்டின் மேற்பரப்பையும் சிறிதளவு தேய்த்தே செல்கிறது. எல்டிஓ டிரைவுக்குள் ஹெட்டைத் துடைக்க ஒரு சிறிய தூரிகை ஏற்கெனவே இருக்கிறது. அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அதற்கும் மேல் தேவைப்படும்போது டிரைவே அறிவிக்கும். முகப்பில் சுத்தம் செய்யும் விளக்கு எரியும், அல்லது ஒற்றை எழுத்துத் திரையில் 'சி' என்ற எழுத்து தோன்றும். டேப்அலர்ட் என்ற எச்சரிக்கை முறையில் 20ஆம் எண் உடனே சுத்தம் செய்யவும் என்றும், 21ஆம் எண் வசதிப்பட்டபோது சுத்தம் செய்யவும் என்றும், 22ஆம் எண் கிளீனிங் கார்ட்ரிட்ஜின் ஆயுள் முடிந்துவிட்டது என்றும் பொருள்படும். லைப்ரரியிலோ பேக்கப் மென்பொருளிலோ தானியங்கிச் சுத்தத்தை இயக்கி வைத்தால் இந்த அறிவிப்புகள் கவனிக்கப்படாமல் போகாது. ஆனால் இரண்டிலும் ஒருசேர இயக்கி வைத்தால் ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடும் என்பதால், ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலான கிளீனிங் கார்ட்ரிட்ஜுகள் 50 முறை பயன்படும். ஒவ்வொரு முறையும் நாடாவின் புதிய பகுதி ஒன்று ஹெட்டைத் தொடுகிறது. பயன்படுத்திய பகுதியை மறுபடி ஹெட்டின் மேல் ஓடவிட்டால், எடுத்த அழுக்கையே திருப்பிப் பூசுவதாகிவிடும். ஆகவே ஆயுள் முடிந்த கார்ட்ரிட்ஜை, இன்னும் ஒரு முறை மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் அப்புறப்படுத்திவிட வேண்டும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைக்கும் பழக்கம் திறந்த சுருள் டேப் இயந்திரங்களின் காலத்துக்கு உரியது. அங்கே ஹெட் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. எல்டிஓ டிரைவைத் திறந்து அதைச் செய்ய முற்பட்டால் ஹெட்டின் நிலை மாறக்கூடும், பஞ்சின் இழை உள்ளேயே தங்கிவிடவும் கூடும்.

சுத்தம் செய்த உடனேயே, அடுத்த கார்ட்ரிட்ஜிலேயே, விளக்கு மறுபடி எரிந்தால் அது கவனமாக நோக்க வேண்டிய தருணம். உடனே இரண்டாம் முறை சுத்தம் செய்ய எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதற்கு முன், விளக்கு எரியும்போது உள்ளே இருந்த கார்ட்ரிட்ஜ் எது, அதற்கு முந்தைய முறை எரிந்தபோது இருந்தது எது என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அழுக்கை உள்ளே கொண்டுவருவது அந்தக் கார்ட்ரிட்ஜ்தான்.

பிழைச் செய்தி வருவதற்கு வெகுமுன்பே தெரியக்கூடிய ஓர் அடையாளமும் உண்டு. எல்டிஓ டிரைவ் எழுதியவுடனேயே எழுதியதைப் படித்துச் சரிபார்க்கிறது. சரியாகப் பதியவில்லை என்றால் அந்தத் துண்டை நாடாவில் சற்றுத் தள்ளி மறுபடி எழுதுகிறது. இதனால் பயனருக்கு எந்தப் பிழையும் காட்டப்படுவதில்லை, பேக்கப் வெற்றி என்றே பதிவாகிறது. ஆனால் மறுபடி மறுபடி எழுதியது இடத்தை விழுங்கியிருக்கும். எப்போதும் ஒரே மாதிரித் தகவலை எழுதும் ஒரு வேலையில், வழக்கமாக ஒரே கார்ட்ரிட்ஜில் அடங்கியது திடீரென்று இரண்டாவதையும் கேட்டால், அல்லது முழு நிரம்பிய கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு பிறவற்றைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால், ஹெட்டையோ நாடாவையோ சந்தேகிக்கக் காரணம் கிடைத்துவிட்டது. இந்தக் கொள்ளளவு எண்ணைப் பேக்கப் மென்பொருள்கள் பலவும் பதிந்தே வைக்கின்றன. பார்ப்பவர்கள்தான் குறைவு.

ஹெட்டும் நாடாவும் காலத்துக்கு முன்பே தேய்வதற்கு இன்னொரு காரணம், தகவல் போதிய வேகத்தில் வந்து சேராதது. நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதுவதற்குத் தகவல் தீர்ந்துவிட்டால் டிரைவ் நின்று, ஓடிய தூரத்துக்கு நாடாவைப் பின்னால் இழுத்து, மறுபடி வேகமெடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்க்கும் இந்த ஓட்டத்தைத் துறையில் ஷூ ஷைனிங் என்பார்கள். இதைத் தவிர்க்க எல்டிஓ டிரைவுகள் தகவல் வரும் வேகத்துக்கேற்பத் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. எல்டிஓ-8 டிரைவுக்கு அது நொடிக்கு ஏறக்குறைய 100 மெகாபைட். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க் இணைப்பு முழுவதையும் ஒரே வேலைக்குக் கொடுத்தாலும் கிடைப்பது அதே அளவுதான். இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட சர்வரிலிருந்து நேரடியாக நாடாவுக்கு எழுதினால் அதிலும் பாதிகூடக் கிடைக்காது. முதலில் வேகமான வட்டில் பேக்கப்பைத் திரட்டி, பிறகு அங்கிருந்து ஒரே மூச்சில் நாடாவுக்கு எழுதுவதே சரியான முறை. டிரைவுக்குப் பக்கத்தில் சிறிது நேரம் நின்று கேட்டாலே வேறுபாடு புரியும்: ஒழுங்காக எழுதும் டிரைவிலிருந்து நீண்ட சீரான ஓட்டத்தின் ஒலியும், முனையில் திரும்பும்போது ஒரு சிறு மாற்றமும் கேட்கும், திணறும் டிரைவோ சில நொடிகளுக்கு ஒரு முறை நின்று, பின்வாங்கி, மறுபடி சீறிக் கிளம்பும். ஆண்டுக்கணக்கில் இப்படி ஓடிய டிரைவின் ஹெட் விரைவில் தேய்ந்தால் அதைத் தயாரித்தவரைக் குறை சொல்வது நியாயமாகாது என்பது என் எண்ணம்.

கார்ட்ரிட்ஜைக் கையாள்வதில் நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் முதலில் காட்டுவது லீடர் பின்னைத்தான். கார்ட்ரிட்ஜின் ஒரு மூலையில் சுருள்வில்லோடு கூடிய சிறிய கதவு இருக்கிறது. அதை விரல் நுனியால் மெல்லத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தால், நாடாவின் முனையைப் பற்றியிருக்கும் சிறிய உலோகத் தண்டு தெரியும். அது செங்குத்தாக நிற்க வேண்டும். அதன் மேல் முனையும் கீழ் முனையும் தத்தம் கவ்விகளில் முழுமையாக அமர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னால் தெரியும் நாடா தொய்வோ மடிப்போ இல்லாமல் இருக்க வேண்டும். டிரைவ் செய்வது இந்தத் தண்டைக் கவ்விப் பிடித்து, நாடாவை ஹெட்டைச் சுற்றி இழுத்துச் சென்று, தன்னுள் இருக்கும் சுருளில் கோப்பதுதான். தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலே கோப்பது பிசகி, நாடா நடுவழியில் சிக்கலாம், கிழியவும் செய்யலாம். தண்டு கண்ணுக்கே தெரியவில்லை என்றால் அது உள்ளே விழுந்துவிட்டது என்று பொருள். அந்தக் கார்ட்ரிட்ஜை எந்த டிரைவிலும் போடக் கூடாது. தண்டை மறுபடி பொருத்துவதற்கென்றே கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் அப்படிப் பொருத்திய கார்ட்ரிட்ஜிலிருந்து தகவலை வேறொன்றுக்கு நகலெடுத்த பிறகு, பழையதை வழக்கமான சுழற்சியில் சேர்க்காமல் விலக்கிவைப்பதே முறை.

கீழே விழுந்த கார்ட்ரிட்ஜ், வெளிப்பார்வைக்குக் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். லீடர் பின்னைப் பார்த்த பின், உறையின் இரு பாதிகள் சேரும் விளிம்பில் எங்காவது இடைவெளி விட்டிருக்கிறதா என்று நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். அடிப்பக்க வட்டத் துளையின் வழியே தெரியும் சுருளின் பற்கள் நடுவில் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காதருகே வைத்து மெதுவாக அசைத்தால் உள்ளே எதுவும் கலகலக்கக் கூடாது. மேசை உயரத்துக்கு மேலிருந்து விழுந்தது என்றால், எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் அதை இனிப் புதிய பேக்கப்புக்குப் பயன்படுத்தாமல், உள்ளிருப்பதை நகலெடுத்துவிட்டு ஓய்வு கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

லேபிளை அதற்கென்று உள்ள பள்ளத்தில் மட்டும் ஒட்ட வேண்டும், பழையதன் மேல் புதியதை ஒட்டக் கூடாது. அந்தத் தடிமன் கூட லைப்ரரியின் இயந்திரக் கைக்கு இடையூறாகும்; ஓரம் பிரிந்த லேபிள் டிரைவுக்குள் உரிந்து தங்கியதும் உண்டு. மஞ்சள் குறிப்புத் தாள், ரப்பர் பேண்ட், பென்சில் எழுத்து ஆகிய எதற்கும் கார்ட்ரிட்ஜின் மேல் இடமில்லை.

வேறோர் இடத்திலிருந்து வந்த கார்ட்ரிட்ஜை உடனே ஏற்றக் கூடாது. குளிர்ந்த வண்டியிலிருந்தோ வெயிலில் நின்ற வண்டியிலிருந்தோ வந்த நாடா, அறையின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழகும்போது அகலத்தில் மிகச் சிறிதளவு மாறுகிறது. அரை அங்குலத்தில் ஆயிரக்கணக்கான தடங்கள் இருக்கும்போது அந்த மாற்றம் பெரியது. உறையைப் பிரிக்காமலேயே அதே அறையில் 24 மணி நேரம் வைத்திருந்தால் ஈரம் படிவதையும் தவிர்க்கலாம். 8,960 தடங்கள் கொண்ட எல்டிஓ-9இல் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிவிட்டதால், புதிய கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றையும் முதல்முறை ஏற்றும்போது டிரைவ் அதை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இதற்கு முக்கால் மணி நேரத்தையொட்டி ஆகலாம்; சில நேரம் இரண்டு மணி நேரம் வரை நீளும். டிரைவ் தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் மின்சாரத்தைத் துண்டித்துவிடக் கூடாது. எந்த அறையில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த அறையிலேயே, அதன் தட்பவெப்பத்துக்குப் பழகிய பிறகே, இந்த முதல் ஏற்றத்தைச் செய்ய வேண்டும் என்பதும் முக்கியம்.

தொட்ட கணக்கு என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இப்போது வருகிறேன். பல டிரைவுகள் கொண்ட லைப்ரரி ஒன்றில் எழுதும் பிழைகள் அதிகரித்தபோது, டிரைவுகள் பழையனவாகிவிட்டன, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்ற முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். பிழைப் பதிவுகளை டிரைவ் வாரியாக அடுக்கியிருந்தவரை அந்த முடிவு நியாயமாகவே தோன்றியது. எல்லா டிரைவிலும் பிழை இருந்தது. அதே பதிவுகளைத் தேதி வரிசையில், கார்ட்ரிட்ஜின் பார்கோடையும் சேர்த்து அடுக்கியபோது வேறொரு காட்சி விரிந்தது. ஒவ்வொரு டிரைவிலும் முதல் பிழை தோன்றுவதற்குச் சற்று முன்பு ஒரே கார்ட்ரிட்ஜ் அங்கே ஏறி இறங்கியிருந்தது. அதை வெளியே எடுத்துக் கதவைத் தள்ளிப் பார்த்தபோது, நாடாவின் மேல் ஓரம் கொசுவியது போல் நெளிந்திருந்தது. ஒரு டிரைவில் தோற்றதும் மென்பொருள் அதை அடுத்த டிரைவில் முயன்றிருக்கிறது, அங்கும் தோற்றதும் அதற்கடுத்ததில். தானாக மறுமுயற்சி செய்யும் வசதி, பழுதை ஒழுங்காக ஒவ்வொரு டிரைவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

ஆகவே என் நடைமுறை இது. பேக்கப் மென்பொருளின் பதிவிலிருந்து தேதி, டிரைவின் தொடர் எண், கார்ட்ரிட்ஜின் பார்கோடு, எழுதிய அளவு, திருத்திய பிழைகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் ஒரே அட்டவணையில் சேர்த்துவைக்கிறேன். பிழை ஒரே கார்ட்ரிட்ஜைத் தொடர்ந்து பல டிரைவுகளுக்குப் போனால் பழுது நாடாவில். பல கார்ட்ரிட்ஜுகள் ஒரே டிரைவில் மட்டும் தோற்றால் பழுது டிரைவில். சந்தேகத்துக்குரிய டிரைவை, இழந்தாலும் பரவாயில்லை என்ற வெற்றுக் கார்ட்ரிட்ஜால் மட்டுமே சோதிக்க வேண்டும்; முக்கியமான பேக்கப்பைப் போட்டுப் பார்த்து, "இதிலும் படிக்கவில்லை" என்று கண்டுபிடிப்பது நாடாவையே விலையாகக் கொடுக்கும் சோதனை. சந்தேகத்துக்குரிய கார்ட்ரிட்ஜையோ, எழுதாமல் தடுக்கும் பொத்தானைப் பூட்டிவிட்டு, ஒரே ஒரு டிரைவில் மட்டும் ஏற்றி, படிக்க முடிந்ததை நகலெடுத்து, பிறகு அந்த டிரைவைச் சுத்தம் செய்ய வேண்டும். நெளிவோ மடிப்போ கண்ணுக்கே தெரிந்தால் அதற்கும் ஏற்றக் கூடாது. அதில் மட்டுமே தகவல் இருக்கிறது என்றால் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே வழி. ஒவ்வொரு எல்டிஓ கார்ட்ரிட்ஜுக்குள்ளும் மின்கலம் இல்லாமல் இயங்கும் ஒரு சிறிய நினைவகச் சில்லு இருக்கிறது. எத்தனை முறை ஏறியது, கடைசியாக எந்த டிரைவுகளில் ஏறியது, அப்போது பிழைகள் எவ்வளவு என்பதையெல்லாம் அது சுமந்து திரிகிறது. பதிவு ஏடுகள் இல்லாத இடத்திலிருந்து வரும் கார்ட்ரிட்ஜுகளின் வரலாறு ஓரளவுக்கு இதிலிருந்தே கிடைத்துவிடும்.

கார்ட்ரிட்ஜ் வெளியே வராமல் சிக்கிக்கொண்டால் பொறுமை வேண்டும். நாடாவின் நடுவில் மின்சாரம் போய்வந்திருந்தால், டிரைவ் தன் நிலையைக் கண்டறிந்து முழுவதையும் பின்சுற்றி முடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் வெளியேற்றும் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவதால் பயனில்லை. முதலில் மென்பொருள் அந்த டிரைவைப் பூட்டி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகே பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துக் கட்டாயமாக வெளியேற்ற முயல வேண்டும். பாதி வெளியே வந்து நிற்கும் கார்ட்ரிட்ஜை இடுக்கியால் இழுக்கக் கூடாது; நாடா இன்னும் உள்ளே கோக்கப்பட்டிருக்கக்கூடும்.

சேமிப்பறையைப் பற்றித் தயாரிப்பாளர்கள் சொல்வது தெளிவானது. நீண்டகாலச் சேமிப்புக்கு 16 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும். 30 ஆண்டு ஆயுள் என்று விளம்பரத்தில் வருவது இந்த நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டில் ஈரப்பதமே கொடியது. காந்தத் துகள்களை நாடாவோடு பிணைத்திருக்கும் பசை நீரை உறிஞ்சிச் சிதையக்கூடியது. 1970களிலும் 1980களிலும் தயாரான பல நாடாக்கள் இப்படிச் சிதைந்து, ஓடும்போது ஹெட்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டன. கார்ட்ரிட்ஜுகளை அவற்றின் பிளாஸ்டிக் பெட்டியில், ஓரத்தில் நிற்குமாறு அடுக்க வேண்டும். தீப்பிடிக்காத பெட்டி வாங்கும்போது அது எதற்கானது என்று பார்ப்பது அவசியம். காகிதத்துக்கான பெட்டி, தீயின்போது உட்புறம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்றே உறுதியளிக்கிறது. அந்த வெப்பத்தில் காகிதம் பிழைக்கும், நாடா பிழைக்காது. காந்த நாடாவுக்கென்று சான்றளிக்கப்பட்ட பெட்டியின் எல்லை ஏறக்குறைய 66 டிகிரிதான்.

இவையெல்லாம் சரியாக நடந்தாலும், நாடாவைப் படிக்கும் டிரைவ் இல்லையென்றால் பயனில்லை. எல்டிஓ-7 வரையிலான டிரைவுகள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தன. எல்டிஓ-8இலிருந்து அது ஒரு தலைமுறையாகச் சுருங்கியது. எல்டிஓ-10 தன் தலைமுறை நாடாவை மட்டுமே ஏற்கும். எல்டிஓ-6இல் பத்தாண்டுக்கால ஆவணத்தை வைத்திருப்பவர் புதிதாக எல்டிஓ-8 வாங்கினால் பழையதைப் படிக்க முடியாது. 1966, 1967ஆம் ஆண்டுகளில் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் அனுப்பிய நிலவின் படங்கள் சுமார் 1,500 நாடாக்களில் இருந்தன. பிற்காலத்தில் அவற்றை மீட்க முடிந்ததற்குக் காரணம், ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற அரிய டிரைவுகள் சிலவற்றை நான்சி எவன்ஸ் என்ற நாசா ஆவணக் காப்பாளர் தம் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தது. 2008இல்தான் அவற்றில் ஒன்றைச் சீர்செய்து முதல் படத்தைப் படித்தார்கள்.

நாடாவின் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்கு வேறொரு நிகழ்வும் காரணம். 2011 பிப்ரவரி இறுதியில் மென்பொருள் பழுது ஒன்றால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் காணாமல் போயின. பல தரவு மையங்களில் இருந்த நகல்களையும் அந்தப் பழுது பாதித்தது. கூகுள் அந்த அஞ்சல்களை நாடாவிலிருந்துதான் மீட்டது. நாடா மின்இணைப்பிலிருந்து விலகி அலமாரியில் இருந்ததால் பழுது அதை எட்டவில்லை.

ரீஸ்டோர் சோதனையை நான் எப்போதும் எழுதிய டிரைவில் செய்வதில்லை, இன்னொரு டிரைவில் செய்கிறேன். ஹெட் சற்றே விலகிய டிரைவ், தான் எழுதியதைத் தானே படித்துவிடக்கூடும், மற்றவை திணறும். வேறொரு டிரைவில் ஒரு முழுக் கார்ட்ரிட்ஜைத் தொடக்கம் முதல் முடிவு வரை படித்து, கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணான செக்சம்மை ஒப்பிட்ட பிறகே அந்தச் சோதனையை வெற்றி என்று பதிகிறேன். அதே சோதனையில், குறியாக்கம் செய்த நாடாவாக இருந்தால், சாவியை அது சேமிக்கப்பட்டிருக்கும் இடத்திலிருந்து புதிதாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். எல்டிஓ-4 முதல் டிரைவுகளுக்குள்ளேயே இருக்கும் ஏஇஎஸ் 256 பிட் குறியாக்கத்தில் சாவி தொலைந்தால் தகவலும் தொலைந்ததுதான்.

புதிய தலைமுறைக்கு எல்லாவற்றையும் நகலெடுத்து முடித்த பின்பும் பழைய டிரைவ் ஒன்றை விட்டுவைக்கிறேன். உள்ளே கார்ட்ரிட்ஜ் எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, மின்சாரத்தைத் துண்டித்து, அதன் பழைய நுரைப் பெட்டியில் வைத்து, அதோடு இணைப்பு அட்டை, கேபிள், டிரைவர் மென்பொருளின் நகல், அதை இயக்கத் தெரிந்த இயங்குதளத்தின் நிறுவல் வட்டு ஆகியவற்றையும் அதே பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை வெளியே எடுத்து, உள்ளடக்கம் நன்றாகத் தெரிந்த ஒரு நாடாவை அதில் படித்துப் பார்த்து, தேதியைப் பெட்டியின் மேல் எழுதிவைக்க வேண்டும்.